பூத்த செடியின் பசி

திருநெல்வேலிச் சீமையில் ஒரு சத்திரம் இருந்தது. அங்கே முப்பத்திரண்டு வருஷம் தலைமைச் சமையல்காரராக இருந்தவர் மாசிலாமணி. வழிப்போக்கர், பரதேசி, பாதயாத்திரை போகிறவர் என்று யார் வந்தாலும் அவருடைய பந்தியில் உட்கார்ந்தவர் அரைவயிற்றோடு எழுந்ததில்லை. அப்படிப் பேர் வாங்கியவரின் வீட்டில், அவர் மனைவி வடிவுக்குச் சோறு இறங்காமல் போயிற்று.

வயிற்றில் கட்டி. மூன்று வைத்தியர்கள் நாடி பார்த்தார்கள். மூன்றாமவர் மருந்துப் பையை அவிழ்க்கவே இல்லை.

"மலையடிவாரத்துல உலகம்மை மடம் இருக்கு. அங்க கொண்டு போங்க" என்றார்.

மாசிலாமணி வைக்கோல் பரப்பிய வண்டியில் வடிவைப் படுக்கவைத்து, இரண்டு நாள் வழி நடந்தே கூட வந்தார். மடத்துக்குத் தலைவியான உலகம்மைக்கு நாற்பது வயதுதான் இருக்கும். அவருக்கோ ஐம்பத்தெட்டு. இருந்தாலும் வாசலில் அவளைக் கண்டதும் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

உலகம்மை வடிவை மடத்துக் குடிசை ஒன்றில் படுக்கவைத்து, அவள் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். கண்ணிமையை விலக்கிப் பார்த்தாள். பிறகு வெளியே வந்தாள்.

"பிழைப்பாளா, தாயி?"

"மாட்டா."

அதுவரை யாரும் அவரிடம் அதை அப்படிச் சொன்னதில்லை. மாசிலாமணி வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"வலியைக் குறைக்கலாம்" என்றாள் உலகம்மை. "தூங்க வைக்கலாம்."

"என்ன மருந்து?"

"கஞ்சாப் பூவுல செய்யற லேகியம். பழசு ஒரு ஜாடி இருக்கு. தை கடைசி வரைக்கும் வரும். அதுக்கு மேல இந்த வருஷத்துப் பூ வேணும்."

"பூ எங்க இருக்கு?"

அவள் உள்ளே போய் ஒரு துணி முடிச்சை எடுத்து வந்து அவர் உள்ளங்கையில் அவிழ்த்தாள். மிளகைவிடச் சிறிதாக, சாம்பல் நிறத்தில் பளபளவென்று விதைகள்.

"இதுக்குள்ள."

அந்த மடத்தில் மருந்துக்கென்று மட்டும், அரண்மனை அனுமதியோடு, முள்வேலி போட்ட ஒரு துண்டு நிலத்தில் அந்தச் செடியை வளர்ப்பது வழக்கம். அந்த ஆவணியில் தோட்டத்தைப் பார்க்க ஆள் இல்லாமல் இருந்தது. மாசிலாமணி விதைகளைப் பார்த்தார். திரும்பி வடிவு படுத்திருந்த குடிசையைப் பார்த்தார். பிறகு மண்ணில் விழுந்து கும்பிட்டார்.

"என்னைச் சீடனா ஏத்துக்கங்க, தாயி. நான் வளக்கேன்."

"செடி வளத்திருக்கீரா?"

"இல்ல. ஆனா முப்பத்திரண்டு வருஷம் சோறு போட்டிருக்கேன்."

உலகம்மை அவரை எழுப்பி நிறுத்தினாள்.

"அதுதான் பயமா இருக்கு" என்றாள். ஆனாலும் வேலிப் படலைத் திறந்துவிட்டாள்.

*

மாசிலாமணி ஆட்டு எருவைப் பொடித்து மண்ணில் கலந்தார். விதை முளைத்து, நான்கு இலை விட்டதும் சாணத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றத் தொடங்கினார். எள்ளுப் பிண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, அதன் தெளிவை வாரம் ஒருமுறை வார்த்தார். நீட்டிய கைவிரல்கள்போல இலைகள் விரிந்தன. புரட்டாசியில் இடுப்பளவு. ஐப்பசியில் தோளுயரம். ஊற்ற ஊற்ற வாங்கிக்கொண்டது செடி. பந்தியில் உட்கார்ந்து இன்னும் இன்னும் என்று கேட்கும் பசித்த ஆளைப் பார்ப்பதுபோல அவருக்கு வயிறு குளிர்ந்தது.

வடிவிடம் அந்தக் குளிர்ச்சி கிடைக்கவில்லை.

காலையில் நொய்க்கஞ்சி காய்ச்சுவார். மத்தியானம் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து நெய் விடுவார். சாயங்காலம் சுக்கும் பனைவெல்லமும் போட்ட கூழ். சத்திரத்தில் ஆயிரம் பேருக்கு ஆக்கிய கை, இங்கே ஒரு கிண்ணத்துக்குள் தன் வித்தையெல்லாம் இறக்கியது. கட்டிலில் உட்கார்ந்து வடிவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஊட்டுவார். அவள் நாலு வாய் வாங்குவாள். சில நாள் ஐந்து.

"இன்னும் ஒரு வாய்" என்பார்.

அவள் வாயைத் திறப்பாள்.

ஐந்து வாய் வாங்கிய நாளில் மாசிலாமணி தோட்டத்தில் தன்னையறியாமல் பாட்டு முணுமுணுப்பார்.

*

ஐப்பசி கடைசியில் ஒருநாள் விடிந்ததும் அவர் மடத்துக்கு ஓடிவந்தார்.

"தாயி, பூத்துட்டு!"

உலகம்மை மருந்து அரைத்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு அவரோடு போனாள். மாசிலாமணி ஒரு கிளை முளைக்கும் கணுவைக் காட்டினார். அங்கே இரண்டு வெள்ளை மயிர், நூல் பிசிறுபோல எட்டிப் பார்த்தது.

"இதுவா?"

"ஆமா தாயி. எப்பப் பறிக்கலாம்?"

"பொண்ணுன்னு சொல்லியிருக்கு. பூக்கேன்னு சொல்லல."

மாசிலாமணிக்கு முகம் சுருங்கிவிட்டது. அவள் வரிசையாக நடந்து பார்த்தாள். மயிருக்குப் பதிலாகச் சின்னச் சின்ன மணிகள் தொங்கிய செடிகளை வேரோடு பிடுங்கச் சொன்னாள். அவை ஆண்செடிகள். பன்னிரண்டு பெண்செடிகள் மிஞ்சின.

"பூக்க இன்னும் என்ன வேணும், தாயி? எருவா?"

"இருட்டு."

"இருட்டா?"

"பகல் குறுகணும். இருட்டு நீளணும். அது நம்ம கையில இல்ல."

"நான் என்ன செய்யட்டும்?"

"பாத்துக்கிட்டு இரும்."

சும்மா பார்த்துக்கொண்டிருப்பது ஒரு வேலை என்று மாசிலாமணிக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அவர் போய்ச் சாணம் கரைத்தார்.

*

கார்த்திகை பிறந்தது. உலகம்மை சொன்னபடியே பகல் குறுகக் குறுகக் கிளை நுனியெல்லாம் வெள்ளை மயிர் கொத்துக்கொத்தாய்க் கிளம்பியது. தொட்டால் விரலில் பிசின் ஒட்டியது. வேலிக்கு வெளியிலேயே வாசம் வந்தது.

அதே சமயம் மலைக்கு அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் விஷக்காய்ச்சல் என்று ஆள் வந்தது. உலகம்மை மருந்துப் பெட்டியைக் கட்டினாள். புறப்படுமுன் தோட்டத்துக்கு வந்தாள்.

"இனி சாணக்கரைசல் வேண்டாம். பிண்ணாக்கும் வேண்டாம். கொஞ்சம் அடுப்புச் சாம்பல் தூவும். மண்ணு காஞ்சா தண்ணி. அவ்வளவுதான்."

"தாயி, இம்புட்டுப் பூவைச் சுமக்கப்போகுது. இப்பத்தானே நெறைய வேணும்? பிள்ளைத்தாச்சிக்கு யாராவது கஞ்சியைக் குறைப்பாங்களா?"

"சொன்னதைச் செய்யும்" என்று சொல்லிவிட்டு அவள் மலையேறிப் போனாள்.

ஐந்து நாள் அவர் சொன்னதைச் செய்தார். ஆறாம் நாள் காலையில் செடிகளின் அடியில் பெரிய இலைகள் மஞ்சளாகியிருப்பதைக் கண்டார். ஒன்று அவர் கை பட்டதும் கழன்று விழுந்தது. மறுநாள் இன்னும் நாலைந்து.

அன்று வடிவு இரண்டு வாய்க்கு மேல் வாங்கவில்லை. அவளுடைய தோளெலும்பு அவர் கையில் குத்தியது. கிண்ணத்தில் மிச்சக் கஞ்சி ஆறி ஏடு கட்டியது.

இங்கேயும் வாடுகிறது, அங்கேயும் வாடுகிறது. மாசிலாமணியால் தாங்க முடியவில்லை. பட்டினி போட்டால் எது வாழும் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். மூலையில் கிடந்த பிண்ணாக்கை எடுத்தார். மூன்று நாள் ஊறக்கூடப் பொறுக்காமல், கெட்டியாகக் கரைத்துச் சாணத்தையும் சேர்த்து, நன்றாக வளர்ந்திருந்த செடிகளுக்கு முதலில் ஊற்றினார். மறுநாளும் ஊற்றினார். ஏழு செடிக்குத்தான் வந்தது. மீதி ஐந்தும் எப்போதுமே கொஞ்சம் நோஞ்சான் செடிகள். அவற்றைப் பார்த்து, "உங்களுக்கு இல்லியே, மக்கா" என்று வருத்தப்பட்டார்.

முதலில் அந்த ஏழும் கரும்பச்சையாகத் தெளிந்தன. அவருக்கு உயிர் வந்தது. பிறகு இலைகள் பருந்தின் நகம்போலக் கீழ்நோக்கி வளைந்தன. நுனிகள் தீ பட்டதுபோலக் கருகின. பூங்கொத்து பெருக்கவில்லை. அதன் நடுவிலிருந்து புதுசு புதுசாக இலை கிளம்பியது.

*

பதினைந்து நாள் கழித்து உலகம்மை திரும்பினாள். மாசிலாமணி வேலியோரம் தலைகுனிந்து நின்றார்.

அவள் ஒவ்வொரு செடியாகப் பார்த்தாள். வளைந்த ஓர் இலையை விரலால் நிமிர்த்திப் பார்த்துவிட்டு விட்டாள். அது மறுபடியும் வளைந்துகொண்டது.

"குளிச்சிட்டு வாரும்" என்றாள் கடைசியில். "இன்னைக்கு நான் உமக்குச் சோறு போடுறேன்."

"தாயி, நான் செஞ்சது..."

"குளிச்சிட்டு வாரும்."

வாழையிலை போட்டு அவரை உட்காரவைத்தாள். சோறு, கீரை, புளிக்குழம்பு. குரு பரிமாறுகிறாளே என்று கூசிக்கொண்டே சாப்பிட்டார். இரண்டாம் முறையும் சோறு போட்டாள். சாப்பிட்டார். மூன்றாம் முறை சட்டியோடு வந்தாள்.

"போதும் தாயி."

அவள் போட்டாள்.

எப்படியோ அதையும் தின்று முடித்தார். அவள் மறுபடியும் குனிந்தாள். மாசிலாமணி இரண்டு கையாலும் இலையை மறித்தார். அவள் அவருடைய கைமேலேயே சோற்றைப் போட்டாள். அதன்மேல் குழம்பையும் ஊற்றினாள்.

மாசிலாமணி நிமிர்ந்தார். சீடன் என்பது ஒரு நிமிஷம் மறந்துபோய், பழைய சமையல்காரரின் கோபம் முகத்தில் ஏறியது.

"கை மறிச்ச பொறவும் போடுதீங்களே, தாயி!"

"சத்திரத்துல எப்படி?"

"கை மறிச்சா நிறுத்திரணும். பரிமாற வார ஆளுக்கு மொத நாள் சொல்லிக்கொடுக்கதே அதான்."

"மீறிப் போட்டா?"

"அதுக்குப் பேரு அன்னமா? சாப்பிட உக்காந்தவனை அடிக்கது மாதிரி அது."

உலகம்மை சட்டியைக் கீழே வைத்தாள். அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். மாசிலாமணியின் விரலிடுக்கில் குழம்பு வழிந்துகொண்டிருந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

"செடிக்குக் கை கிடையாதே, தாயி" என்றார்.

"அடியில எலை மஞ்சளாச்சே. அது என்னன்னு நெனைச்சீரு?"

"பசின்னு நெனைச்சேன்."

"பூ வந்த பொறவு அது மண்ணுல எடுக்கதைக் குறைச்சிக்கிடும். இவ்வளவு நாளா எலையில சேத்து வச்சதை எடுத்துப் பூவுக்குக் கொடுக்கும். எலை பழுக்கும், விழும்."

மாசிலாமணி எழுந்து போய்க் கை கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். தண்ணீர் தெளிந்த பிறகும் கழுவிக்கொண்டிருந்தார்.

*

அன்று சாயங்காலம் வழக்கம்போலக் கூழ் காய்ச்சினார். கிண்ணத்தோடு வடிவின் குடிசைக்குப் போனார். அவர் வருகிற சத்தம் கேட்டதும் அவள் கண்ணைத் திறந்தாள். அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டதும் வாயைத் திறந்தாள்.

மாசிலாமணி கரண்டியை எடுத்தார். எப்போதும் அவர் பார்ப்பது அவளுடைய வாயைத்தான். அன்று அவள் கையைப் பார்த்தார். அது கட்டிலின் கயிற்றை இறுகப் பிடித்திருந்தது. முட்டி வெளுத்திருந்தது.

கரண்டி அந்தரத்தில் நின்றது.

"என்ன, ஊட்டலியா?" என்றாள் வடிவு.

"வேண்டாமா?"

அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"வடிவு, உனக்கு வேண்டாமா?"

அவள் கண்ணிலிருந்து நீர் காதோரம் இறங்கியது. "நீங்க தப்பா நெனைக்கப்பிடாது" என்றாள். பிறகு கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டினாள்.

அங்கே துணி போட்டு மூடிய ஒரு மண்சட்டி இருந்தது. மாசிலாமணி துணியை விலக்கினார். சாம்பல் தூவிய வாந்தி. அதில் அன்று மத்தியானப் பருப்பு அப்படியே கிடந்தது.

"எத்தனை நாளா?"

"வந்ததுலேருந்தே. நீங்க தோட்டத்துக்குப் போன பொறவு எடுப்பேன். எடுத்தா வலி கூடும். கொஞ்ச நேரத்துல சரியாயிரும்."

"ஏம் புள்ள சொல்லல?"

வடிவு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "கிண்ணத்தைத் தூக்கிட்டு வரும்போது உங்க மொகத்தைப் பாப்பேன். வேண்டாம்னு சொல்ல மனசு வராது."

மாசிலாமணி கூழை வெளியே கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில் ஊற்றினார். மண்சட்டியையும் கழுவிக் கவிழ்த்தார். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தார். கையில் எதுவும் இல்லாமல் அவள் பக்கத்தில் உட்காருவது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. வடிவுதான் அவர் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு அவர் கேட்டுவிட்டுத்தான் அடுப்பை மூட்டினார். பெரும்பாலும் வேண்டாம் என்றாள். ஒருநாள் நார்த்தங்காய் ஊறுகாயில் ஒரு துளி நாக்கில் வைக்கச் சொன்னாள். வைத்ததும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தாள். "உப்பு ஒரு கல்லு கூடிட்டு" என்றாள். நாற்பது வருஷத்தில் அவருடைய சமையலை அவள் குறை சொன்னது அன்றுதான். மாசிலாமணியும் சிரித்தார். பிறகு அவர்கள் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கல்யாணமான புதிதில் தாமிரபரணி வெள்ளத்தில் அடுப்பு மிதந்து போனதைப் பற்றி.

*

மார்கழிப் பனியில் அந்த ஏழு செடிகளின் பூவும் இலைக்கூட்டத்துக்குள் ஈரம் கோத்துப் பூசணம் பிடித்தது. மாசிலாமணி அவற்றைப் பிடுங்கி எருக்குழியில் போட்டார். பிண்ணாக்குக் கிடைக்காத ஐந்து செடிகள் நின்றன. பார்க்கப் பஞ்சையாக, இலையெல்லாம் மஞ்சளாக, பாதி உதிர்ந்து நின்றன. ஆனால் நுனியில் பூங்கொத்து கல்லுப்போல இறுகியிருந்தது.

தை பிறந்தது. அளவைக் கூட்ட வேண்டியிருந்ததால் ஜாடியில் லேகியம் இருபது நாளைக்குத்தான் இருந்தது. பூவை நிழலில் உலர்த்தி லேகியம் கிண்ட எப்படியும் பத்து நாள் ஆகும். வடிவின் வலியோ கூடிக்கொண்டே வந்தது.

"வெட்டலாமா, தாயி?"

"அது என்ன சொல்லுது?" என்றாள் உலகம்மை.

மாசிலாமணி போய்ப் பார்த்தார். வெள்ளை மயிரில் பாதி பழுத்துச் சுருண்டிருந்தது. பாதி இன்னும் வெள்ளையாகவே நீட்டிக்கொண்டிருந்தது. அவருடைய கையில் அரிவாள் இருந்தது. குடிசையிலிருந்து வடிவு முனகுவது கேட்டது.

அவர் திரும்பி வந்தார்.

"இன்னும் இல்ல" என்றார். அரிவாளைத் தரையில் வைத்தார்.

உலகம்மை தலையசைத்தாள்.

தினமும் விடிந்ததும் போய்ப் பார்த்தார். தண்ணீர் மட்டும் விட்டார், அதுவும் மண் கேட்டபோது. ஒன்பதாம் நாள் மயிர் எல்லாம் செம்பு நிறமாகி உள்ளே மடங்கியிருந்தது. பிசின், தெளிந்த நீரின் நிறம் மாறிக் கஞ்சித்தண்ணீர்போல வெளுத்திருந்தது. யாரையும் கேட்காமல் அவரே அறுத்தார். உலகம்மை பூவை உள்ளங்கையில் வாங்கி மோந்து பார்த்தாள். நிழலில் கட்டினாள்.

புது லேகியத்தில் வடிவு நன்றாகத் தூங்கினாள். முகத்தில் சுளிப்பு போய், பழைய முகம் திரும்பியது. மாசிக் கடைசியில் ஒரு காலை வேளை, தண்ணீர் கேட்டாள். உதட்டை நனைத்தார். போதும் என்று கையை லேசாக உயர்த்தினாள். மாசிலாமணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். வெயில் ஏறுவதற்குள் அது குளிர்ந்துவிட்டது.

*

காரியமெல்லாம் முடிந்த பிறகும் மாசிலாமணி ஊருக்குத் திரும்பவில்லை. தோட்டத்தைக் கொத்தினார். மடத்துக்கு வந்த நோயாளிகளுக்குக் கஞ்சி காய்ச்சினார்.

பங்குனியில் ஒருநாள் உலகம்மை வேலியோரம் வந்து நின்றாள். அவர் மண்வெட்டியை வைத்துவிட்டு அவள் எதிரே வந்தார்.

"ஒண்ணு கேக்கணும், தாயி."

"கேளும்."

"நாலு மாசம். தெனமும் மூணு வேளை. அவளுக்கு அது நரகமா இருந்திருக்கு. நான் பிரியம்னு நெனைச்சு நரகத்தை ஊட்டியிருக்கேன். செடியாவது, தெரியாத செடி. இவ நாற்பது வருஷம் கூட இருந்தவ. இந்தக் கையை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

உலகம்மை மண் படிந்த அந்தக் கையைப் பார்த்தாள்.

"நாலு மாசமும் அவ வாயைத் தொறந்தாளே, மாசிலாமணி" என்றாள். "யாரு யாருக்கு ஊட்டினதுன்னு நெனைக்கீரு?"